வெளிநாட்டிலிருந்து வந்து யாழ்ப்பாணத்தில் பிறப்புச் சான்றிதழ் எடுக்கப் போகிறவர்களுக்கு

பிரதேச செயலகத்தில் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி எடுப்பது பெரிய வேலை இல்லை. பதிவு இலக்கமும் பதிந்த திகதியும் தெரிந்தால் விண்ணப்பத்தை நிரப்பிக் காசு கட்டினால் சரி. தெரியாவிட்டால் ஏடு தேடவேண்டும். கட்டணமும் கூடும், நேரமும் போகும். பழைய பிரதியைப் படம் எடுத்துப் போனில் வைத்திருங்கள். பெயரை வாயால் சொல்லாமல் தமிழில் எழுதிக் கொடுப்பது நல்லது. ஜெர்மனியில் 'ஜே' யகரமாகும், ராஜதுரை 'ராயதுரை' ஆகிவிடுவார். பிரான்சில் 'சீஎச்' ஷகரமாகும், 'சீஎச்'சில் எழுதிய செல்வா 'ஷெல்வா' ஆவார். அங்கே பிறந்த பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள். எழுதுவினைஞர் வேறு பக்கத்தில் தேடுவார்.

உண்மையான சிக்கல் ஆங்கில மொழிபெயர்ப்பில். பதிவு தமிழில் இருப்பதால் ஆங்கில எழுத்தை முடிவு செய்பவர் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்தான். செல்வநாயகத்தை 'சீ'யில் தொடங்கி எழுதலாம், தந்தை செல்வா எழுதியதுபோல, 'எஸ்'ஸிலும் தொடங்கலாம். தாத்தா 'ராஜா'வின் வாலில் ஒரு 'எச்' போட்டிருப்பார், மகன் அதை விட்டிருப்பார், பேரனின் கடவுச்சீட்டில் 'ஜே' போய் 'எஸ்' வந்திருக்கும். ஒன்றும் பிழையில்லை, ஆனால் குடிவரவு அலுவலகத்துக்கு மூன்று பேரும் மூன்று குடும்பம். ஆகவே கடவுச்சீட்டுப் பிரதியோடு உங்கள், தாய், தகப்பன் பெயர்களை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். குடும்பத்தின் எல்லாச் சான்றிதழ்களையும் ஒரே ஆளிடம் கொடுத்து, முத்திரை குத்துவதற்கு முன் வாசித்துப் பாருங்கள்.

குடும்பப் பெயர் என்ற பெட்டியே எங்கள் வழக்கத்துக்குப் பொருந்தாது. அரசியல் தலைவர் பொன்னம்பலம் அருணாசலத்தின் மகன் அருணாசலம் மகாதேவா. தலைமுறைக்குத் தலைமுறை முன்பெயர் மாறும். அதே அருணாசலத்தின் தாய்மாமன் முத்து குமாரசுவாமியின் மகனோ இங்கிலாந்தில் வளர்ந்து, கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி ஆனார், தகப்பனுடைய தகப்பன் பெயர் குடும்பப் பெயராக நின்றுவிட்டது. இன்று அண்ணன் கனடாவில் தகப்பன் பெயரோடு, தங்கை நோர்வேயில் கணவன் பெயரோடு. இவர்கள் உடன்பிறந்தவர்கள் என்று காட்டப் பிறப்புச் சான்றிதழில் உள்ள தாய் தகப்பன் பெயர்களே ஆதாரம். இருவரின் சான்றிதழையும் எடுங்கள்.

தமிழிலேயே எழுத்து மாறியிருந்தால் மொழிபெயர்ப்பாளரால் ஒன்றும் செய்ய முடியாது. பிறப்புப் பதிவில் 'இராசதுரை', காணி உறுதியில் 'ராஜதுரை', மரணச் சான்றிதழில் 'இராசத்துரை' என்பது சாதாரணம். எல்லாம் ஒரே ஆள் என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து, கிராம அலுவலரிடம் (ஊரில் இன்னும் விதானைதான்) உறுதிப்படுத்தல் கடிதமும் எடுக்கவேண்டும். காணி அலுவலென்றால் சத்தியக்கடதாசியின் வாசகத்தை முதலில் நொத்தாரிசிடம் காட்டுங்கள். பதிவையே திருத்துவது தனி விண்ணப்பம். விடுமுறைக்குள் முடியும் என்று நம்பி டிக்கெட் போடாதீர்கள்.

கடைசி வேலை வெளிவிவகார அமைச்சின் அத்தாட்சி. அதற்கு யாழ்ப்பாணத்திலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது, கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. அங்கே மொழிபெயர்ப்பில் உள்ள எழுத்தைத் திருத்தமாட்டார்கள். பிழை கண்டால் திரும்ப மொழிபெயர்ப்பாளரிடம்தான் போகவேண்டும்.