அசைவுக் கட்டுப்பாட்டு விளையாட்டுகள்: 15 ஆண்டுப் பயன்பாட்டில் நிலைத்தவையும் நிலைக்காதவையும்

கையை வீசினால் திரையில் உள்ள மட்டையும் வீசும் என்று கேள்விப்பட்டுத்தான் 15 ஆண்டுகளுக்கு முன்பு முதல் அசைவுக் கட்டுப்பாட்டுக் கன்சோலை, அதாவது தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் விளையாட்டுக் கருவியை வாங்கினேன். அதன்பின் கையில் பிடிக்கும் வகை, கேமராவின் முன் வெறுங்கையுடன் நிற்கும் வகை, தலையில் மாட்டிக்கொள்ளும் மெய்நிகர் வகை என மூன்றையும் நீண்ட காலம் பயன்படுத்திவிட்டேன். அவற்றில் ஒன்று பெட்டிக்குள் போய்ப் பல ஆண்டுகளாகின்றன. மற்ற இரண்டும் இன்றும் வாரத்தில் சில நாள்களாவது வெளியே வருகின்றன. எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை, ஏன் என்பதை வாங்க எண்ணுபவர்களுக்குப் பயன்படும்படி இங்கே எழுதுகிறேன்.

இந்தத் தொழில்நுட்பத்தின் தலையாய நன்மை, இதுவரை விளையாடாதவர்களை விளையாட வைப்பதுதான். கன்சோலை இயக்கக் கையில் பிடிக்கும் வழக்கமான கன்ட்ரோலரில், கட்டைவிரலால் தள்ளும் இரண்டு ஸ்டிக்குகளும் பத்துக்கு மேற்பட்ட பொத்தான்களும் இருக்கின்றன. அவற்றோடு வளர்ந்தவர்களுக்கு அது எளிது, மற்றவர்களுக்கு அது ஓர் அந்நிய மொழி. என் அம்மா அத்தகைய கன்ட்ரோலரை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுத்தவர். ஆனால் பந்தை உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் பௌலிங் விளையாட்டில், கையைப் பின்னால் கொண்டுபோய் முன்னால் வீசிப் பந்தை விடவேண்டும் என்று சொன்னதும், வேறு விளக்கம் எதுவும் கேட்காமல் விளையாடத் தொடங்கினார். 2006-ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்த நின்டெண்டோ வீ கன்சோல் 10 கோடிக்கும் மேல் விற்றதற்கு இதுவே முதன்மையான காரணம் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். பாட்டியும் பேரனும் ஒரே விளையாட்டில் ஏறக்குறைய ஒரே திறமையோடு போட்டியிடும் காட்சியை வேறு எந்தக் கன்ட்ரோலரிலும் நான் பார்த்ததில்லை.

முதல் குறை மூன்றாவது வாரத்தில் தெரிந்தது. டென்னிஸ் விளையாட்டில் நான் தோளிலிருந்து முழுக்கையையும் வீசி வியர்த்துக்கொண்டிருக்க, உறவுக்காரச் சிறுவன் ஒருவன் நாற்காலியில் சாய்ந்தபடி மணிக்கட்டை மட்டும் சுண்டி என்னை எளிதாகத் தோற்கடித்தான். அவன் ஏமாற்றவில்லை, கருவி உணர்ந்தது அவ்வளவுதான். தொடக்கக் காலக் கருவிகளில் வீச்சை உணர இருந்தது முடுக்கமானி மட்டுமே. வேகம் எவ்வளவு சட்டென்று மாறுகிறது என்பதையும் புவியீர்ப்பின் திசையையும் அது அறியும். கை எந்தப் பாதையில் சென்றது என்பதை அறியாது. ஆகவே, முழு வீச்சும் சிறு சுண்டலும் அதற்கு ஒன்றே. குறைந்த உழைப்பில் அதே பலன் கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால் உடல் அந்த வழியைத்தான் தேர்ந்தெடுக்கும். ஒரு மாதத்தில் நானும் உட்கார்ந்துதான் விளையாடினேன்.

2009-இல் வீ கன்சோலுக்கு வந்த மோஷன் பிளஸ் என்னும் துணைக்கருவி, சுழற்சியை அளக்கும் கைராஸ்கோப்பைச் சேர்த்து இந்தக் குறையைப் பெருமளவு போக்கியது. 2011-இல் வெளிவந்த ‘ஸ்கைவர்ட் ஸ்வார்ட்’ என்ற, செல்டா சாகச வரிசையைச் சேர்ந்த விளையாட்டில், எதிரி எந்தப் பக்கம் தடுக்கிறானோ அதைத் தவிர்த்து வேறு திசையில் வாளை வீசவேண்டும். அசைவு உண்மையிலேயே விளையாட்டின் பொருளாக மாறிய இடம் அது. ஆனால் கைராஸ்கோப்புக்கும் ஒரு எல்லை உண்டு. அது சுழலும் வேகத்தை அளந்து, அதைக் கூட்டிக்கூட்டித்தான் திசையைக் கணக்கிடுகிறது; அளவில் உள்ள சிறு பிழைகளும் அதோடு சேர்ந்து கூடிக்கொண்டே போகும். மேலும் கீழுமான சாய்வைப் புவியீர்ப்பை வைத்துத் திருத்திக்கொள்ளலாம். இடவலத் திருப்பத்தை அப்படித் திருத்த வழியில்லை. நீண்ட நேரம் விளையாடினால் குறி மெல்ல ஒரு பக்கமாக நகர்வதும், அதை மீண்டும் நடுவுக்குக் கொண்டுவரப் பொத்தானை அழுத்த வேண்டியிருப்பதும் இதனால்தான். கருவி பழுதாகிவிட்டதோ என்று நான் பல மாதங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எந்த சென்சாராலும் தீர்க்க முடியாத குறை ஒன்றும் உண்டு: எதிர்விசை இல்லாமை. திரையில் வாள் கேடயத்தில் மோதி நிற்கிறது, கையோ காற்றில் தடையின்றிக் கடந்துவிடுகிறது. அந்தக் கணத்தில் கைக்கும் திரைக்கும் இடையிலான ஒற்றுமை முறிகிறது. கருவியின் சிறு அதிர்வு அதை ஈடுசெய்வதில்லை. கார்ப் பந்தயத்தில் கருவியைக் காற்றில் ஸ்டீயரிங் போலப் பிடித்து ஓட்டுவதை ஓராண்டு முயன்று கைவிட்டேன். தாங்கும் பிடிமானம் இல்லாததால் அரை மணி நேரத்தில் தோள் கனத்துவிடும். தானாக நடுநிலைக்குத் திரும்பும் விசை இல்லாததால் வளைவுகளிலிருந்து நேராக வெளிவருவதும் கடினம்.

கேமரா வகையில் நான் வாங்கிய கருவியின் பெயரைக் குறிப்பிடவில்லை. அதில் கண்ட குறைகள் அந்த வகைக்கே பொதுவானவை. இவ்வகையில் பெரும்புகழ் பெற்றது 2010 நவம்பரில் வந்த மைக்ரோசாஃப்டின் கினெக்ட். அகச்சிவப்புப் புள்ளிகளை அறையெங்கும் பரப்பி, ஆழத்தை அளந்து, உடலின் மூட்டுகளை இனங்காணும் அந்த முறை அன்றைக்கு ஒரு பெரும் சாதனை. முதல் 60 நாள்களில் 80 லட்சம் விற்றன. எனினும் 2017-இல் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. என் அனுபவத்தில் கேமரா வகை நடனத்திற்கு மட்டும் சிறப்பாகப் பொருந்தியது. நடனத்தில் இரு கைகளும் விடுதலையாக இருக்கவேண்டும். சிறு தாமதம் ஆடுபவரை உறுத்துவதில்லை. மற்ற இடங்களில் அந்தத் தாமதமே விளையாட்டைக் கெடுத்தது. ஒவ்வொரு முறையும் மேசையை நகர்த்தி இரண்டு மீட்டர் இடம் ஒதுக்கவேண்டும், நேரடி வெயில் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளவேண்டும், குறுக்கே யாரும் நடக்கக்கூடாது. ஒரு பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கக்கூட நீட்டிய கையை அசையாமல் பிடித்திருக்க வேண்டியிருந்தது. பெட்டிக்குள் போனது இந்தக் கருவிதான்.

இனி, நான் எதிர்பாராமல் நிலைத்ததைச் சொல்கிறேன். அது மிகச்சிறிய அசைவு. சுடும் விளையாட்டுகளில் வலது ஸ்டிக்கால் பார்வையைத் தோராயமாகத் திருப்பி, பிறகு கன்ட்ரோலரையே ஓரிரு பாகை சாய்த்துக் குறியைச் சரிசெய்யும் முறையைக் கைரோ குறிவைப்பு என்பார்கள். கைரோ என்பது கைராஸ்கோப்பின் சுருக்கம். 2015-இல் வந்த ஸ்பிளாட்டூன் என்னும் சுடும் விளையாட்டு இதைப் பலருக்கும் பழக்கியது. முதல் இரண்டு வாரங்கள் எனக்கு இது தொல்லையாகவே இருந்தது; இருமல் வந்தால்கூடக் குறி எகிறியது. உணர்திறனைக் குறைத்து, முன்கைகளை மடியில் ஊன்றிக்கொண்டு விளையாடத் தொடங்கியபின் கை பழகிவிட்டது. கட்டைவிரலால் தள்ளும் ஸ்டிக் குறியின் வேகத்தைத்தான் கட்டுப்படுத்துகிறது. மணிக்கட்டு குறியின் இடத்தையே கட்டுப்படுத்துகிறது. இலக்குக்கும் குறிக்கும் இடையே ஒரு நூலிழை இடைவெளி இருக்கும்போது இந்த வேறுபாடு முழுமையாகப் புலப்படும். இதில் எதையும் நடிக்கவேண்டியதில்லை, களைப்பும் இல்லை. இந்த வசதி இல்லாத சுடும் விளையாட்டை இப்போது கன்ட்ரோலரில் விளையாட எனக்கு மனம் வருவதில்லை.

நிலைத்த மற்றொன்று அதற்கு நேர்மாறான முழுவுடல் உழைப்பு. 2019-இல் வந்த ரிங் ஃபிட் அட்வெஞ்சர் என்னும் உடற்பயிற்சி விளையாட்டில், இரு சிறு கன்ட்ரோலர்களில் ஒன்றை வளைந்துகொடுக்கும் வளையத்தில் பொருத்தி, மற்றதை இடது தொடையில் பட்டையால் கட்டிக்கொள்ளவேண்டும். வளையத்தை எவ்வளவு விசையோடு அழுத்துகிறோம் என்பது நேரடியாக அளக்கப்படுகிறது. நான் தேடிய எதிர்விசை அந்த வளையத்திலேயே இருக்கிறது. மணிக்கட்டைச் சுண்டி இதில் தப்பிக்க முடியாது. வாரத்திற்கு நான்கு நாள், நாளுக்கு 30 நிமிடம் என இரண்டு ஆண்டுகள் விடாமல் செய்தேன். வேறு எந்த உடற்பயிற்சியையும் நான் இவ்வளவு காலம் தொடர்ந்ததில்லை. நின்ற இடத்தில் ஓடுவதற்குப் பதிலாக முழங்காலை மடக்கி நிமிரும் ஓசையில்லா முறையும் இருப்பதால், கீழ்வீட்டாருக்குத் தொந்தரவு இல்லை. ஆயினும் இரண்டு சென்சார்களுக்கு உங்கள் முதுகு வளைந்திருப்பது தெரியாது. உட்கார்ந்து எழும் பயிற்சியின் சரியான நிலையை, அறிந்தவரிடம் முதலில் கற்றுக்கொள்வது நல்லது.

மெய்நிகர் ஹெட்செட்டுகள் துல்லியத்தில் இவை எல்லாவற்றையும் விஞ்சுகின்றன. கை இருக்கும் இடமே முப்பரிமாணத்தில் அறியப்படுகிறது. நின்ற இடத்திலிருந்தே இசைக்கேற்பக் கட்டைகளை வெட்டும் பீட் சேபர் எனக்கு ஒருநாளும் தலைசுற்றலைத் தந்ததில்லை. ஸ்டிக்கால் நடக்கும் விளையாட்டுகளோ பத்து நிமிடத்தில் குமட்டலைத் தருகின்றன. ‘நகர்கிறோம்’ என்கிறது கண், ‘நிற்கிறோம்’ என்கிறது உட்செவி.

பாதுகாப்பைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். அலமாரி விளிம்பில் விரல் மூட்டை இடித்துக்கொண்டு ஒரு வாரம் அவதிப்பட்டிருக்கிறேன். கைப்பட்டையை அணியாமல் இப்போது எதையும் தொடங்குவதில்லை. 2007-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒரு மருத்துவர், பல மணி நேரம் வீ கன்சோலில் டென்னிஸ் விளையாடியதால் தம் தோள்பட்டைத் தசைநாரில் ஏற்பட்ட அழற்சியைக் கடிதமாக எழுதினார். நிஜப் பந்தின் எடையும் ஓய்வு இடைவெளிகளும் இல்லாததால், எப்போது நிறுத்துவது என்பது இங்கே உடலுக்குத் தெரிவதில்லை. அரை மணி நேரத்திற்கு ஒருமுறை நான் கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துகிறேன்.

என் அண்ணனுக்குத் தோளில் அறுவைச் சிகிச்சை நடந்த பிறகு ஆறு மாதங்கள் கையை உயர்த்த முடியவில்லை. கைரோ குறிவைப்பு அவருக்கு எளிதாக இருந்தது; வீசியே ஆகவேண்டிய விளையாட்டுகள் அனைத்தும் மூடிக்கொண்டன. மேலே சொன்ன ஸ்கைவர்ட் ஸ்வார்ட் 2021-இல் மறுபதிப்பாக வந்தபோது, வாள்வீச்சை ஸ்டிக்காலும் செய்யலாம் என்று மாற்றியிருந்தார்கள். அவர் அதை அமர்ந்தபடியே முடித்தார். அசைவை அணைக்கும் வசதி, உணர்திறனை மாற்றும் வசதி, அமர்ந்து விளையாடும் முறை ஆகிய மூன்றும் உள்ளனவா என்பதை நான் இப்போது ஒவ்வொரு விளையாட்டிலும் வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுகிறேன்.