லூஸும் லூஸும்: ஜோடியாகப் படிப்பிப்பதா, தனித்தனியாகவா?

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாவில் பின்னேர வகுப்பு எடுக்கிறேன். 9 முதல் 11ஆம் தரம் வரை, எல்லாரும் தோட்டத்துப் பிள்ளைகள். எழுத்து ஒத்துப்போகும் ஆங்கிலச் சொற்களைச் சொல்லிக்கொடுக்க இரண்டு வழி உண்டு. ஒன்று ஜோடி அட்டவணை: இடப்பக்கம் ஒரு சொல், வலப்பக்கம் அதன் இரட்டை. மற்றது, ஒரு சொல்லை மட்டும் வாக்கியத்தோடு நன்றாகப் பழக்கிவிட்டு, 3 கிழமை கழித்து அடுத்ததைக் கொண்டுவருவது. 4 வருடம் அட்டவணைதான் கொடுத்தேன். இப்போது மாறிவிட்டேன்.

அட்டவணை சுலபம். ஒரு பின்னேரத்தில் 20 ஜோடி முடியும், மறுநாள் சோதனை வைத்தால் நல்ல புள்ளியும் வரும். சாதாரண தரப் பரீட்சைக்கு ஒரு கிழமைதான் இருக்கிறது என்றால் நானும் அதைத்தான் கொடுப்பேன்.

இரண்டு மாதம் போனால்தான் சிக்கல் தெரியும். லூஸ் ஜோடியை (lose, loose) எடுத்தால், ஒன்றில் ஒரு ஓ, மற்றதில் இரண்டு ஓ என்பது பிள்ளைக்கு ஞாபகம் இருக்கும். எதில் எது என்பது போயிருக்கும். ஒரு மாணவியின் கொப்பியைப் பார்த்தபோது காரணம் புரிந்தது. ஆங்கிலச் சொல்லுக்கு மேலே பென்சிலால் தமிழில் உச்சரிப்பு எழுதியிருந்தாள். தொலைப்பதைக் குறிக்கும் சொல்லுக்கு (lose) மேலே லூஸ். தளர்வைக் குறிக்கும் சொல்லுக்கு (loose) மேலேயும் லூஸ். முதலாவது முடிவது இசட் ஒலியில், மற்றது எஸ் ஒலியில். அந்த வித்தியாசத்தைக் காட்ட நம் எழுத்தில் இடமில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் காதுக்கும் ஒன்று, கண்ணுக்கும் கிட்டத்தட்ட ஒன்று. பிள்ளை எதைப் பிடித்துக்கொள்வாள்?

தனித்தனியாகப் படிப்பித்தால் வாக்கியம் பிடிமானமாகிறது. பக்கெட்டில் அடைக்காமல் நிறுத்து விற்கும் தேயிலையை ஆங்கிலத்தில் லூஸ் டீ என்பார்கள். கொஞ்சம் தூளை மேசையில் கொட்டி, ஒட்டாமல் உருண்ட இரண்டு மணிகளைக் காட்டி, இதுதான் இரண்டு ஓ என்றேன். 3 கிழமைக்குப் பிறகு மற்றது வந்தது. "ஒரு ஓ தொலைஞ்சிருச்சு டீச்சர்" என்று பிள்ளைகளே சொன்னார்கள்.

அப்புறம் டெயரியும் (dairy) டயரியும் (diary). அம்பேவல பால் பண்ணை எல்லாருக்கும் தெரியும். அந்த ஊர்ப்பெயர் ஆங்கிலத்தில் ஏ என்ற எழுத்தில் தொடங்கும், டெயரியிலும் டி-க்கு அடுத்து ஏ. டயரி நான் எனக்காக எழுதுவது, அதனால் 'நான்' என்னும் ஐ முந்திக்கொள்ளும். இங்கே நான் அவசரப்பட்டு நாலாம் நாளே இரண்டாவது சொல்லைக் கொண்டுவந்தேன், பழைய குழப்பம் அப்படியே திரும்பியது. இடைவெளி கட்டாயம் வேண்டும்.

வேர்ச்சொல்லும் சில இடங்களில் கைகொடுக்கும். சாப்பாட்டுக்குப் பிந்திய இனிப்பைக் குறிக்கும் சொல் (dessert), பரிமாறியதை மேசையிலிருந்து எடுப்பதைக் குறிக்கும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. முன்னொட்டின் எஸ் ஒன்று, பரிமாறுவதன் எஸ் ஒன்று, ஆக இரண்டு. பாலைவனத்துக்கு (desert) ஒன்றுதான். ஸ்டேஷனரிக்கு இது சரிவராது. அசையாமல் நிற்பதும் (stationary) எழுதுபொருளும் (stationery) ஒரே லத்தீன் வேர். நடமாடி விற்காமல் ஓரிடத்தில் கடை வைத்த புத்தக வியாபாரியால் எழுதுபொருளுக்கு வந்த பெயர் அது. அதற்கு என்வலப்பின் ஈ-யையே காட்டுகிறேன்.

எழுத்துப் பிழை பார்க்கப் போனை நம்பலாமா என்று கேட்கிறார்கள். இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் பல நேரம் சிவப்புக் கோடு விழாது.

தனித்தனியாகப் படிப்பிக்கும் வழி மெதுவானது, ஒரு தவணையில் 15 சொல் தாண்டினால் பெரிய விஷயம். வளர்ந்தவர்களுக்கு நான் படிப்பித்தது குறைவு, அவர்களுக்கு அட்டவணையே போதுமாக இருக்கலாம்.

ஒரு வகைக்கு மட்டும் இன்றும் ஜோடியாகத்தான் எழுதிப்போடுகிறேன்: அட்வைஸ், பிரக்டிஸ், லைசன்ஸ். பெயர்ச்சொல்லுக்கு சி, வினைக்கு எஸ் என்ற ஒரே விதி மூன்றையும் கட்டுவதால் சேர்த்துப் பார்ப்பதுதான் நல்லது. அமெரிக்க முறையில் பிரக்டிஸுக்கு எப்போதும் சி, லைசன்ஸுக்கு எப்போதும் எஸ். நாம் எழுதுவது பிரித்தானிய முறை. அப்பாவின் சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கிப் பார்த்து வரச் சொல்வேன், அதில் சி இருக்கும்.