வாண்டாவிஷன் பார்க்கப் போகிறவர்கள் எட்டாம் பகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்

மார்வெலின் வாண்டாவிஷன் தொடரை இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. மொத்தம் ஒன்பது பகுதிகள். எட்டாவது முடிந்ததும் அணைத்துவிடுங்கள். கீழே முடிவைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். கதை முன்கூட்டியே தெரியக் கூடாது என்பவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம்.

முதல் எட்டும் அவ்வளவு நன்றாக இருந்ததால்தான் எனக்கு இவ்வளவு கோபம். 2021 ஜனவரி 15 அன்று முதல் இரண்டு பகுதிகள் வந்தன. சூப்பர்ஹீரோ தொடர் என்று நம்பி உட்கார்ந்தால், கறுப்பு வெள்ளையில், பின்னணிச் சிரிப்பொலியோடு, பழைய அமெரிக்கக் குடும்ப நகைச்சுவைத் தொடர் ஒன்று ஓடியது. காதலன் விஷனைப் பறிகொடுத்த வாண்டா, நியூ ஜெர்சியில் வெஸ்ட்வியூ என்ற ஊரையே மந்திரத்தால் வளைத்து, செத்தவனோடு குடித்தனம் நடத்துகிறாள், மந்திரத்தாலேயே இரட்டைப் பிள்ளைகளையும் பெறுகிறாள். எட்டாம் பகுதியில் அகாதா என்ற சூனியக்காரி அவளை அவளுடைய நினைவுகளுக்குள்ளேயே இழுத்துப் போகிறாள். அப்பா அம்மாவோடு உட்கார்ந்து அமெரிக்கத் தொடர் பார்த்த வீட்டில் குண்டு விழுகிறது. பிறகு, இருவரும் சேர்ந்து முதுமையடைய விஷன் வாங்கி வைத்திருந்த காலி மனை. அங்கே வாண்டாவாக நடிக்கும் எலிசபெத் ஓல்சன் உடைந்து அழுவதை மறக்கவே முடியாது. துக்கத்தைப் பற்றி இவ்வளவு நேர்மையாகப் பேசிய சூப்பர்ஹீரோ கதை எனக்குத் தெரிந்து வேறில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, மார்ச் 5, கடைசிப் பகுதி. வானத்தில் இரண்டு சூனியக்காரிகள் சிவப்பும் ஊதாவுமாக ஒளிப்பந்துகளை வீசிக்கொள்கிறார்கள். கீழே இரண்டு விஷன்கள் மோதுகிறார்கள்: வாண்டாவின் மந்திரத்தில் உருவானவன் ஒருவன், செத்த விஷனின் உடலை ஒரு அரசு அமைப்பு மீண்டும் இயக்கிய வெள்ளை விஷன் இன்னொருவன். அந்த இருவரும் நூலகத்தில் அடிதடியை நிறுத்திவிட்டு, தீசியஸின் கப்பல் என்ற பழைய தத்துவப் புதிரை வைத்து வாதம் செய்யும் காட்சி மட்டும் அருமை. ஆனால் அது முடிந்ததும் வெள்ளை விஷன் பறந்துபோகிறான். எங்கே, ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஊர்க்காரர்களுக்குச் செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. மந்திரம் தெளிந்த சாரா என்ற பெண் வாண்டாவிடம் கெஞ்சுகிறாள். எட்டு வயது மகள் அறைக்குள் அடைபட்டுக் கிடக்கிறாள். உன் பிள்ளைகளுக்குத் தோழியாக வைத்துக்கொள், பள்ளியில் வம்பு செய்யும் பிள்ளையாகக்கூட வைத்துக்கொள், அவளை வெளியே மட்டும் விடு, ஒரு தடவை கட்டிக்கொள்கிறேன் என்கிறாள். தூங்கினால் வாண்டாவின் கெட்ட கனவுகள்தான் தங்களுக்கு வருகின்றன என்கிறார்கள் மற்றவர்கள். தொடரிலேயே மிகக் கொடூரமான இடம் அதுதான். அதற்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும் அல்லவா? மந்திரத்தைக் கலைத்து, அதோடு விஷனையும் பிள்ளைகளையும் இழந்து, வாண்டா ஊரை விடுவித்துவிட்டு அவர்களுடைய வெறுப்புப் பார்வைக்கு நடுவே நடந்து வருகிறாள். உடனே அந்த அரசு அமைப்பின் அதிகாரி மோனிகா, அவர்களுக்காக நீ எதைத் தியாகம் செய்தாய் என்று அவர்களுக்குத் தெரியவே போவதில்லை என்று ஆறுதல் சொல்கிறாள். தியாகமா? சிறைப்பட்டுக் கிடந்தது அவர்கள். சாரா மகளைக் கட்டிக்கொள்ளும் காட்சியைக்கூட நமக்குக் காட்டவில்லை. வாண்டா பறந்து போய்விடுகிறாள், கணக்கு முடிந்தது.

அப்புறம், வாண்டாவின் செத்துப்போன இரட்டைச் சகோதரன் பியட்ரோ விஷயம். வேறு நிறுவனம் எடுத்த எக்ஸ்-மென் படங்களில் இதே பாத்திரத்தில், குவிக்சில்வர் என்ற பெயரில், நடித்த இவான் பீட்டர்ஸையே ஐந்தாம் பகுதியின் கடைசியில் பியட்ரோவாக வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வேறொரு உலகத்துக் கதையோடு இணைக்கப் போகிறார்கள் என்று அத்தனை பேரும் நம்பினோம். தற்செயலாகப் பிடித்துப்போட்ட நடிகர் இல்லை அவர், அந்த நம்பிக்கையை உண்டாக்கவே தேர்ந்தெடுத்தவர். ஒரு மாதம் இழுத்தடித்து, அவர் ரால்ஃப் என்ற சாதாரண ஊர்க்காரர் என்று முடித்தார்கள், அவர் குடும்பப் பெயரை வைத்து ஒரு மட்டமான ஜோக் வேறு. ரசிகர்கள் தாங்களாகவே கற்பனையை வளர்த்துக்கொண்டு ஏமாந்தார்கள் என்று அப்போது பலர் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தூண்டிலைப் போட்டவர்கள் தொடரை எடுத்தவர்கள்தானே.

ஒன்று மட்டும் விதிவிலக்கு. பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, ஊரைச் சுற்றியிருந்த மந்திரச் சுவர் சுருங்கி நெருங்கி வர, வாண்டாவும் விஷனும் வீட்டுக்குள் விடைபெறும் சில நிமிடங்கள். ஒன்பதாம் பகுதியைத் திறந்தே தீருவேன் என்பவர்கள் சண்டையைத் தள்ளிவிட்டு நேராக அங்கே போங்கள். 2022-ல் வந்த இரண்டாவது டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் படத்துக்காக மட்டும் இதைப் பார்க்கிறீர்கள் என்றால், பெயர்ப் பட்டியலெல்லாம் ஓடி முடிந்த பிறகு வரும் மலைக் குடிசைக் காட்சி போதும். டார்க்ஹோல்ட் என்ற மந்திரப் புத்தகம் வாண்டாவின் கைக்குப் போய்விட்டது, பிள்ளைகளின் குரல் அவளுக்குக் கேட்கிறது. அந்தப் படத்துக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.