நாகப்பட்டினம் கப்பலில் வந்த ஒமேகா என்று சொல்லி விற்கிறார்கள், கவனம்

பழைய கைக்கடிகாரம் சேர்க்கிற ஆர்வம் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் நன்றாகவே பரவியிருக்கிறது. அதைக் குறிவைத்து ஏமாற்றுகிறவர்களும் வந்துவிட்டார்கள். கும்பகோணத்தில் ஒரு தரகர் எனக்கு ஒமேகா என்ற சுவிஸ் கம்பெனியின் கான்ஸ்டலேஷன் மாடல் வாட்ச் ஒன்றை ரூ.1,10,000-க்கு விற்றார். வெவ்வேறு வாட்சுகளிலிருந்து கழற்றி எடுத்த உதிரிகளை ஒன்றாகக் கோத்து, டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்து, ஒரே குடும்பத்தில் இருந்த பொருள் என்று சொல்லி விற்றிருக்கிறார். புகார் கொடுத்திருப்பதால் அவர் பெயரை எழுதவில்லை. அவர் செய்த விதம் மட்டும் எல்லோருக்கும் தெரிந்தாக வேண்டும்.

அவர் முதலில் வாட்சைக் காட்டவில்லை, கதையைத்தான் சொன்னார். கூத்தாநல்லூர்ப் பக்கம் ஒரு வீடு. அந்த வீட்டுப் பெரியவர் சிங்கப்பூரில் கடை வைத்திருந்தாராம். 1962-ல் அங்கே புதிதாக வாங்கி, ரஜுலா கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கினாராம். அவர் காலமான பிறகு பீரோவிலேயே இருந்ததாம், யாரும் கை வைக்கவில்லையாம். இந்தக் கதையில் நம்ப முடியாதது எதுவும் இல்லை. கூத்தாநல்லூரைச் சின்ன சிங்கப்பூர் என்றே சொல்வார்கள். ரஜுலா சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று பல்லாண்டு ஓடிய கப்பல். நாகூரிலும் கூத்தாநல்லூரிலும் அப்படி வந்த நல்ல வாட்சுகள் இன்றும் வீடுகளில் உண்டு, நானே பார்த்திருக்கிறேன். பொய்யை உண்மையான ஊரிலும் உண்மையான கப்பலிலும் ஏற்றிவிட்டால் கேட்பவருக்குச் சந்தேகமே வராது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பின்மூடியைத் திறந்து காட்டச் சொன்னேன். "இத்தனை வருஷமா திறக்காதது சார், இப்ப திறந்தா ஒரிஜினல் சீல் போயிடும், உள்ளே தூசி இறங்கிடும்" என்றார். பழைய வாட்சில் அப்படி ஒரு சீல் கிடையாது. ஓடுகிற வாட்ச் என்றால் சில ஆண்டுகளுக்கு ஒரு முறையாவது திறந்து எண்ணெய் போட்டிருக்க வேண்டும். இதைச் சொன்னதும், "குடும்பத்தார் ஒரே ஒரு தடவை திறந்தப்ப எடுத்தது" என்று கைபேசியில் ஒரு படம் அனுப்பினார். படத்தில் இருந்த மெஷினில் கேலிபர் (மெஷினின் வகை எண்) 561 என்று தெளிவாகத் தெரிந்தது. கான்ஸ்டலேஷனுக்கே உரிய குரோனோமீட்டர், அதாவது நேரம் துல்லியமாகக் காட்டும் என்று சோதித்துச் சான்று பெற்ற மெஷின் அது. ஐந்து நிலைகளிலும் வெப்ப மாற்றத்துக்கும் சரிசெய்யப்பட்டது என்ற வாசகம்கூட அதில் பொறித்திருந்தது. வரிசை எண் 19 மில்லியனில் தொடங்கியது. ஒமேகா எண் பட்டியல்களின்படி அது 1962 வாக்கில் வரும். கதையும் எண்ணும் அச்சாகப் பொருந்தின. அசல் இல்லையென்றால் முழுப் பணமும் திரும்பத் தருவதாக வாட்ஸாப்பில் எழுதியும் கொடுத்தார். ரொக்கம்தான் வேண்டும் என்று வற்புறுத்தினார். நான் வங்கிக் கணக்குக்குத்தான் அனுப்பினேன். இன்று என் பக்கம் இருக்கிற பலமான சாட்சிகள் அந்த வங்கிக் கணக்கும் அந்த வாட்ஸாப் செய்தியும்தான்.

மயிலாடுதுறையில் எனக்குத் தெரிந்த பழைய மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். லென்ஸைக் கண்ணில் பொருத்திக்கொண்டு மூடியைத் திறந்தவர், வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "தம்பி, நீங்க காட்டின போட்டோ வேற, இது வேற. இதுல இருக்கிறது சீமாஸ்டர் மெஷின்" என்றார். சீமாஸ்டர் ஒமேகாவின் இன்னொரு மாடல்.

உள்ளே இருந்தது கேலிபர் 565. இதுவும் ஒமேகா செய்ததுதான், நல்ல மெஷின்தான். ஆனால் குரோனோமீட்டர் சான்று பெற்ற வகை இல்லை. 561-க்கும் 565-க்கும் அதே செம்பு நிறம் என்பதால், எண்ணைப் படிக்கத் தெரியாதவர் பார்த்தால் வித்தியாசம் பிடிபடாது. வரிசை எண் 24 மில்லியனில் தொடங்கியது, அதாவது 1966 வாக்கில். 1962-ல் சிங்கப்பூரில் வாங்கிய வாட்சுக்குள் அதற்குப் பின்னால் தயாரான மெஷின் எப்படி வந்தது? பின்மூடியின் உட்புறம் 168.005 என்ற கான்ஸ்டலேஷன் மாடல் எண் இருந்தது, வெளிப்புறம் கான்ஸ்டலேஷனின் அடையாளமான வானாய்வுக்கூடமும் எட்டு நட்சத்திரங்களும் இருந்தன. ஆக, மூடி மட்டும் கான்ஸ்டலேஷன்.

டயலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய வாட்சின் விலையில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது. இந்த வகை டயலின் ஓரம் சாய்வாக, பன்னிரண்டு முகங்களாக மடிந்திருக்கும். அந்த மடிப்புகள் கூராக இருக்க வேண்டும். என்னுடையதில் பெயின்ட் ஏறி மழுங்கியிருந்தன. நட்சத்திரத்தையும் மணிக்கோடுகளையும் தனியே செய்து பதித்திருப்பார்கள். மறுபடி பெயின்ட் அடிக்கும்போது அவற்றின் அடியில் பெயின்ட் தேங்கும். லென்ஸில் பார்த்தால் ஒவ்வொரு கோட்டின் காலடியிலும் சின்னக் கரை கட்டியது போலத் தெரிகிறது. குரோனோமீட்டர் என்ற சொல்லில் எழுத்துகளுக்கு இடையே இடைவெளி ஒரே சீராக இல்லை. முட்களில் இரவில் ஒளிரும் பச்சைப் பூச்சு இருந்தது, ஆனால் டயலில் ஒளிப்புள்ளி ஒன்றுகூட இல்லை. இந்த முட்கள் இன்னொரு வாட்சுடையவை என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? தவிர, அந்தப் பூச்சு விளக்கை அணைத்த பிறகும் பிரகாசமாக மின்னியது. 60-களில் பெரும்பாலும் பூசியது டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த பூச்சு. அதன் வீரியம் ஏறக்குறைய 12 ஆண்டுக்கு ஒரு முறை பாதியாகும், இத்தனை காலத்துக்குப் பிறகு அப்படி ஒளிராது. பூச்சு புதிது. சாவி கொடுக்கிற குமிழ் பத்துப் பட்டையுடன் இருக்க வேண்டும், இதில் இருந்தது சாதாரண வட்டக் குமிழ்.

டயலை மறுபடி பெயின்ட் அடித்தால் விலை பாதிக்கும் கீழே போகும், மெஷினும் மாற்றியிருந்தால் சேகரிப்பவர் யாரும் தொடவே மாட்டார்கள். மும்பையில் இப்படிப் பெயின்ட் அடிக்கிற தொழில் நெடுநாளாக நடக்கிறது. எச்.எம்.டி., ஃபாவ்ர் லூபா, கேமி டயல்களில் கண்ணைப் பறிக்கிற நிறங்களை அடித்து வெளிநாட்டுக்கும் விற்கிறார்கள். பெயின்ட் அடித்தது என்று சொல்லி அதற்குரிய விலைக்குக் கொடுத்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. எத்தனையோ பேர் அப்பாவின் நினைவாகப் புதுப்பித்துக் கட்டிக்கொள்கிறார்கள், அது அவர்கள் விருப்பம். மறைத்து விற்பதுதான் திருட்டு.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 2021 நவம்பரில் ஜெனீவாவில் ஃபிலிப்ஸ் ஏலத்தில் ஓர் ஆரம்பகால ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் 31 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கு மேல் போனது. வாங்கியது ஒமேகா நிறுவனமேதான், தன் அருங்காட்சியகத்துக்காக. 2023-ல், அது பல வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியது என்றும், தன்னிடம் வேலை பார்த்தவர்களுக்கே அதில் பங்கு உண்டு என்றும் ஒமேகா அறிவித்தது. செய்த நிறுவனத்தையே ஏமாற்ற முடிகிறது என்றால், ஏமாந்தோமே என்று கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டிருக்க நம் பக்கத்தில் யாருக்கும் காரணம் இல்லை. வெளியே சொல்லுங்கள்.

தரகரிடம் திரும்பப் போனபோது, "நீங்க மூடியைத் திறந்துட்டீங்க, உள்ளே நீங்களே என்ன மாத்தினீங்களோ, இனி எனக்குப் பொறுப்பு இல்லை" என்றார். முதலில் திறக்க விடாமல் தடுத்தது எதற்கென்று அப்போது முழுசாகப் புரிந்தது. இதற்கு நான் கண்ட வழி ஒன்றுதான்: பணம் கைமாறும் முன், விற்பவர் கண்ணெதிரே, உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கின் மேஜையில் மூடி திறக்கப்பட வேண்டும். அதை வீடியோ எடுங்கள். மெஷின் எண், மூடியின் உட்புற எண், டயல் மூன்றும் ஒரே ஓட்டத்தில் வெட்டாமல் தெரிய வேண்டும். மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள், எவ்வளவு அழகான வாட்சாக இருந்தாலும் சரி.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், விற்றவர் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். நான் கொடுத்துவிட்டேன், விசாரணைக்குக் காத்திருக்கிறது.

வாங்குபவர்களைவிட எனக்கு அதிகக் கவலை, வீட்டில் இப்படி வாட்ச் வைத்திருப்பவர்களைப் பற்றித்தான். கிராமம் கிராமமாக வந்து பழைய வாட்ச், பழைய பேனா, ரேடியோ கேட்கிறார்கள். ஓடாத வாட்சுக்கு இரண்டாயிரம் மூவாயிரம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். டயல் கறுத்திருக்கிறதே என்று வெட்கப்பட்டு அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள். பழுப்பேறிய, யாரும் தொடாத டயலுக்குத்தான் மதிப்பு. சுத்தம் செய்கிறேன், பாலிஷ் போடுகிறேன் என்று யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் மெஷின் எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வாங்கும்போது ஒப்பிட்டுப் பாருங்கள்.

எனக்கு அனுப்பிய படத்தில் இருந்த 561 மெஷின் கற்பனை அல்ல, அது எங்கோ ஒரு வாட்சில் இருந்தது, அல்லது இன்னும் இருக்கிறது. அதன் முழு எண்ணும் என்னிடம் இருக்கிறது. கும்பகோணம், திருவாரூர், நாகை வட்டாரத்தில் அண்மையில் கான்ஸ்டலேஷன் விற்றவர்கள், ரிப்பேருக்குக் கொடுத்தவர்கள், அல்லது இதே கதையோடு மெஷின் படம் வரப்பெற்றவர்கள் என்னைத் தொடர்புகொள்ளுங்கள். எண்களை ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒத்துப்போனால் உங்கள் வாக்குமூலத்தையும் ஆணையத்தில் சேர்க்கக் கேட்கப் போகிறேன்.