மாடியில் சோலார், கையில் செயலி: மூன்று வகைக் கண்காணிப்பில் நம் வீட்டுக்கு எது?

2024 பிப்ரவரியில் பிரதமரின் சூரிய வீடு திட்டம் தொடங்கி, 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் என்று ஆன பிறகு, தமிழ்நாட்டுத் தெருக்களில் சோலார் பேனல் வைத்த மாடிகள் பெருகிவருகின்றன. பேனலின் வாட் எவ்வளவு, எந்த நிறுவனம், எத்தனை ஆண்டு வாரண்டி என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்டு வாங்குகிறவர்கள், உற்பத்தியைக் கண்காணிக்கும் செயலியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தையும் கேட்பதில்லை. ஆனால் 25 ஆண்டு உழைக்கும் என்று சொல்லி விற்கப்படும் அந்தப் பேனல் உண்மையில் உழைக்கிறதா என்பதை நாள்தோறும் நமக்குச் சொல்லப்போவது அந்தச் செயலிதான்.

இன்று நம் முன்னே மூன்று வழிகள் உள்ளன. பேனல் தரும் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டியான இன்வெர்ட்டரின் தயாரிப்பாளரே தரும் செயலி முதல் வழி. க்ரோவாட்டின் ஷைன்ஃபோன், சோலிஸின் சோலிஸ்கிளவுட், சன்குரோவின் ஐசோலார்கிளவுட் ஆகியவை இந்த வகை. ஒவ்வொரு பேனலையும் தனித்தனியே காட்டும் என்ஃபேஸ், சோலார்எட்ஜ் போன்றவற்றின் செயலிகள் இரண்டாவது வழி. எந்தத் தயாரிப்பாளரையும் சாராத பிவிஅவுட்புட் என்ற இணையதளம், வீட்டுக் கருவிகளை இணைக்கும் மென்பொருளான ஹோம் அசிஸ்டன்ட் ஆகியவை மூன்றாவது.

எந்தச் செயலியானாலும், எவ்வளவு வரவேண்டும் என்பது நமக்குத் தெரியாவிட்டால், எவ்வளவு வந்தது என்று அது காட்டும் எண்ணால் பயனில்லை. 540 வாட் பேனல்கள் ஆறு, அதாவது 3.24 கிலோவாட் உள்ள ஒரு வீட்டில், மேகமில்லாத நாளில் 12 முதல் 14 யூனிட் வரை எதிர்பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் அது 3 யூனிட்டுக்கும் கீழே போகலாம். சித்திரை வெயில் கொளுத்தும்போது உற்பத்தி உச்சத்தில் இருக்கும் என்று பலர் நினைத்து, செயலியில் அது 3.24 கிலோவாட்டைத் தொடாததைக் கண்டு கலங்குகிறார்கள். பேனலின் வாட் அளவு 25 டிகிரி வெப்பத்தில் கணிக்கப்படுவது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் திறன் குறையும். உச்சி வெயிலில் பேனல் 60 டிகிரியைத் தொட்டால் 12 சதவீதம் அளவுக்கு இழப்பு உறுதி. அது பழுதல்ல, பேனலின் இயல்பு.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு முதல் வகைக்கு வருவோம். இன்வெர்ட்டரின் அடியில் செருகியிருக்கும் விரல் நீள வைஃபை ஸ்டிக், பொதுவாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தரவை அனுப்ப, செயலி அதை அன்றைய வரைபடமாக வரைகிறது. தனிச் செலவு ஏதுமில்லை. பலர் இதில் அன்றைய மொத்த யூனிட்டை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். எனக்கோ அந்த எண்ணைவிட வரைபடத்தின் வடிவமே பெரிதாகப் படுகிறது. தெளிந்த நாளில் அது கவிழ்த்துவைத்த சட்டிபோல வழவழப்பாக எழுந்து இறங்கவேண்டும். எங்கள் வீட்டு வரைபடத்தில் தினமும் மாலை மூன்றரை மணி அளவில் ஒரு சிறு பள்ளம் விழுந்தது. மாடியேறிப் பார்த்தபோது, தண்ணீர்த் தொட்டியின் நிழல் கடைசிப் பேனலின் மூலையில் ஏறிக்கொண்டிருந்தது. இன்னொன்று மேலும் முக்கியமானது. சில நாள்களில் நண்பகலில் வரைபடம் ரம்பப் பல்போல அடிக்கடி பூஜ்ஜியத்துக்கு விழுந்து எழுந்தது. செயலியின் உள்ளே போய் மின்னழுத்தப் பகுதியைத் திறந்தால், ஒவ்வொரு வீழ்ச்சிக்கும் முன்பு மின்னழுத்தம் 255 வோல்ட்டைத் தாண்டியிருந்தது. உச்ச உற்பத்தியில் அழுத்தம் எல்லை மீறியதும் இன்வெர்ட்டர் தன்னைத் துண்டித்துக்கொண்டிருக்கிறது. இன்வெர்ட்டரிலிருந்து மீட்டர் வரை இழுத்திருந்த கேபிள் அந்தத் தூரத்துக்கு மெலிது என்பது பிறகுதான் தெரிந்தது. அதைத் தடித்த கேபிளாக மாற்றிய மறுநாளே ரம்பம் மறைந்தது. மொத்த யூனிட்டை மட்டும் பார்த்திருந்தால், மேகம் என்று நினைத்துக் கடந்துபோயிருப்பேன்.

இந்த வகையின் குறையும் பெரிது. ஆறு பேனலும் ஒரே சரமாக இணைந்திருப்பதால், செயலிக்குத் தெரிவது சரத்தின் மொத்தம் மட்டுமே. காக்கை எச்சம் ஒரு பேனலின் மூன்றில் ஒரு பகுதியை முடக்கினால், மொத்த இழப்பு பதினெட்டில் ஒரு பங்கு, அதாவது ஐந்தரை சதவீதம். நேற்றைக்கும் இன்றைக்கும் மேகத்தாலும் தூசியாலும் வரும் வித்தியாசமே அதைவிட அதிகம் என்பதால், அந்த இழப்பு மாதக்கணக்கில் மறைந்தே கிடக்கும். பல ஸ்டிக்குகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இயங்குபவை; ரவுட்டரை மாற்றினாலோ கடவுச்சொல்லை மாற்றினாலோ தரவு நின்றுவிடும். அப்போது பதறவேண்டாம். அன்றைய யூனிட் கணக்கு இன்வெர்ட்டருக்குள்ளேயே ஓடிக்கொண்டிருப்பதால், இணைப்பு திரும்பியதும் வரைபடத்தில் ஓட்டை இருந்தும் மொத்தம் குறையாமல் இருந்தால் விடுபட்டது வைஃபை மட்டும். மொத்தமும் குறைந்திருந்தால் நின்றது உற்பத்தி. மின்வெட்டின்போது மின்வாரியத்தின் மின்கம்பியோடு இணைந்த இன்வெர்ட்டர் பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும் என்பதையும் இங்கே நினைவில் கொள்ளவேண்டும்.

பேனல்வாரிக் கண்காணிப்பு இந்தக் குருட்டுப் புள்ளியைத்தான் போக்குகிறது. என்ஃபேஸில் ஒவ்வொரு பேனலுக்கும் அடியில் ஒரு மைக்ரோ இன்வெர்ட்டர், அதாவது அந்த ஒரு பேனலுக்கு மட்டுமான சிறு இன்வெர்ட்டர், இருக்கிறது. அது வீட்டு மின்கம்பி வழியாகவே தன் தரவை வீட்டுக்குள் உள்ள கேட்வே பெட்டிக்கு அனுப்புகிறது. சோலார்எட்ஜில் பேனல்தோறும் அதன் உற்பத்தியைத் தனியே சீராக்கும் ஆப்டிமைசர் என்ற சிறு பெட்டியும், கீழே ஒரு பொது இன்வெர்ட்டரும் இருக்கும். இரண்டிலும் செயலியில் மாடியின் படம்போலப் பேனல்கள் கட்டம் கட்டமாகத் தெரியும். ஒரே வெயிலில் காயும் பக்கத்துப் பேனலோடு ஒப்பிட முடிவதால், எச்சம் விழுந்த பேனல் ஓரிரு நாளிலேயே காட்டிக்கொடுக்கப்படும். வானிலையைக் காரணம் காட்டித் தப்பிக்க அதனால் முடியாது. இந்தக் கட்டக் காட்சியை வீட்டுக்காரர் பார்க்கும்படி அனுமதி தருவது பல நேரம் நிறுவியவர் கையில் இருப்பதால், அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளவேண்டும். செலவு கணிசமாகக் கூடும் என்பதும், நம் வெயிலில் பேனலுக்கு அடியில் வேகும் ஒரு மைக்ரோ இன்வெர்ட்டர் பழுதானால் பேனலைக் கழற்றித்தான் மாற்றவேண்டும் என்பதும் மறுபக்கம். வேம்பும் தென்னையும் சூழ்ந்த வீடு, இரண்டு மூன்று திசையில் பேனல் வைத்த வீடு ஆகியவற்றுக்கு இது கொடுத்த காசுக்குத் தகும். தடையில்லாத மொட்டைமாடியில் ஒரே திசை பார்த்த ஆறு பேனலுக்கு, கண்காணிப்புக்காக மட்டும் இதை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. மிச்சமாகும் பணத்தில் இன்னொரு பேனல் போடலாம்.

முதல் இரண்டு வகையிலும், தனி சென்சார் பொருத்தாவிட்டால், வீட்டின் நுகர்வு தெரியாது. அதற்கு இருவழி மீட்டரும் ஒரு நோட்டும் போதும். இரண்டு மாதத்தில் செயலி காட்டும் உற்பத்தி 720 யூனிட், மீட்டரில் எக்ஸ்போர்ட் (நாம் வெளியே அனுப்பியது) 400, இம்போர்ட் (வெளியிலிருந்து எடுத்தது) 310 என்றால், நம் நுகர்வு 720-இல் 400 போக 320, அதோடு 310 சேர்த்து 630 யூனிட். இன்வெர்ட்டரின் அளவு பில் போடுவதற்கான துல்லியம் கொண்டதல்ல என்பதால், சில சதவீத வித்தியாசத்தைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

மூன்றாவது வகை, கொஞ்சம் கைவேலை தெரிந்தவர்களுக்கானது. பிவிஅவுட்புட்டில் ஒரு கிலோவாட்டுக்கு எத்தனை யூனிட் என்ற கணக்கில் பிறருடைய அமைப்போடு நம்முடையதை ஒப்பிடலாம். உங்கள் வட்டாரத்தில் பதிவு செய்தவர் இருந்தால் அதைவிட நேர்மையான அளவுகோல் இல்லை. 2021 ஆகஸ்டில் எரிசக்திப் பலகையைச் சேர்த்த ஹோம் அசிஸ்டன்ட், வீட்டிலேயே ஒரு சிறு கணினியில் ஓடி, இன்வெர்ட்டரின் மோட்பஸ் (கருவிகள் தமக்குள் தரவு பரிமாறும் ஒரு முறை) இணைப்பு வழியாகத் தரவை நேராக எடுத்துக்கொள்ளும். வெளியூர் சர்வர் நின்றாலும் நம் வரலாறு நம்மிடமே இருக்கும். இதில் பாதுகாப்புக் கவலையும் அடங்கியிருக்கிறது. 2025 மார்ச்சில் ஃபோர்ஸ்கவுட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சன்குரோ, க்ரோவாட், எஸ்எம்ஏ ஆகிய மூன்று நிறுவனங்களின் சோலார் சாதனங்களிலும் அவற்றின் சேவைகளிலும் 46 பாதுகாப்பு ஓட்டைகளைக் கண்டு வெளியிட்டார்கள். அதற்காக எல்லாரும் ஹோம் அசிஸ்டன்டுக்கு மாறச் சொல்லமாட்டேன். அதை அமைத்துப் பராமரிக்க நேரமும் பொறுமையும் வேண்டும். செயலிக்கெனத் தனிக் கடவுச்சொல் வைப்பதும், ஸ்டிக்கின் மென்பொருளைப் புதுப்பிப்பதும் எல்லாராலும் ஆகக்கூடியவை.

ஆக, நிழலில்லாத சாதாரண வீட்டுக்கு என் தேர்வு இன்வெர்ட்டர் தயாரிப்பாளரின் செயலியும் மாதம் ஒருமுறை மீட்டர் குறிப்பும்தான். அதிலும் ஒரு நிபந்தனை உண்டு. எங்களுக்கு சோலார் போட்டுத் தந்தவர் கணக்கைத் தன் மின்னஞ்சலில் தொடங்கி, எங்களுக்குப் பார்க்கும் உரிமை மட்டும் தந்திருந்தார். ரவுட்டர் மாறியபோது ஸ்டிக்கை மறுபடி இணைக்க அவரைத் தேடி மூன்று வாரம் அலைந்தோம். அந்த மூன்று வாரத்தின் வரைபடம் இன்றும் வெற்றாகவே கிடக்கிறது. கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்கும் முன்பு, உரிமையாளர் கணக்கு உங்கள் மின்னஞ்சலிலும் கைப்பேசி எண்ணிலும் தொடங்கப்பட்டிருக்கிறதா, ஸ்டிக்கின் வரிசை எண் உங்களிடம் இருக்கிறதா என்று பார்த்து, அவர் எதிரிலேயே ஒருமுறை வைஃபையைத் துண்டித்து நீங்களே மறுபடி இணைத்துப் பாருங்கள்.