ஃபிட்ஸ்ராயா, காக்ரேனா: யார் வாழ்க்கையை முதலில் படிக்கலாம்?

19ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் கடற்படை பற்றிப் படிக்கத் தொடங்குபவர்கள் ராபர்ட் ஃபிட்ஸ்ராய், தாமஸ் காக்ரேன் என்ற இந்த இரண்டு கடற்படை அதிகாரிகளிடையேதான் தயங்குகிறார்கள்.

கடலில்:
காக்ரேன், 1801இல் 14 பீரங்கி 'ஸ்பீடி' கப்பலை வைத்து 32 பீரங்கி ஸ்பானியக் கப்பலைப் பிடித்தார்.
ஃபிட்ஸ்ராய், டார்வினை ஏற்றிக்கொண்டு 'பீகிள்' கப்பலில் உலகைச் சுற்றினார்.

சறுக்கல்:
காக்ரேன், 1814இல் பங்குச்சந்தை மோசடி வழக்கில் பதவி இழந்தார். 1832இல் திரும்பப் பெற்றார்.
ஃபிட்ஸ்ராய், நியூசிலாந்து ஆளுநர் பதவியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டார்.

விட்டுச்சென்றது:
காக்ரேனுக்கு, அவர் தலைமை தாங்கிய சிலி, பிரேசில் கடற்படைகள்.
ஃபிட்ஸ்ராய்தான் என் மனசுக்கு நெருக்கம். 1859 புயலில் 'ராயல் சார்ட்டர்' கப்பல் உடைந்து 400 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்புறம் 1861இல் ஃபிட்ஸ்ராய், துறைமுகக் கம்பங்களில் கித்தான் கூம்பும் உருளையும் ஏற்றிப் புயல் எச்சரிக்கை கொடுக்க வைத்தார்.

சண்டையும் சாகசமும் வேண்டுமா, காக்ரேன். கடலோடிகளின் உயிருக்காகத் தவித்த மனிதர் வேண்டுமென்றால் ஃபிட்ஸ்ராய். ஆனால் 1865இல் அவர் தன் உயிரையே மாய்த்துக்கொண்டார். அந்தக் கடைசிப் பக்கங்கள் கனக்கும்.