பழைய கைவேலை பேஸ் கித்தார்: கடைக்கா, ஆளுக்கா, பாகம் பாகமாகவா?

அமெரிக்காவின் ஃபெண்டர் கம்பெனி பேஸ் என்றால் தலைப்பகுதியில் இருக்கும் பெயரும் சீரியல் எண்ணும் பாதி பேரத்தை முடித்துவிடும். எந்த ஆண்டு செய்தது, இப்போது என்ன விலைக்குப் போகிறது என்று வாங்குபவர் போனிலேயே பார்த்துக்கொள்வார். பட்டறையில் ஒருவர் ஒன்றே ஒன்றாகச் செய்து கொடுத்த பேஸுக்கு அந்த வசதி கிடையாது. நீங்கள் அன்று கொடுத்த காசு சந்தைக்குப் பொருட்டே இல்லை. ஆகவே எங்கே விற்கிறோம் என்பதில்தான் விலை இருக்கிறது.

கடையில் கொடுத்தால் கையோடு பணம். ஆனால் பெயர் தெரியாத பேஸ் மாதக்கணக்கில் சுவரில் தொங்கும் என்பது கடைக்காரருக்கும் தெரியும். அவர் விற்க நினைக்கும் விலையில் பாதி கிடைத்தாலே நல்லது. புதிதாக ஏதாவது வாங்கிக்கொண்டு இதைக் கழித்தால் கொஞ்சம் கூடும். கமிஷனுக்குக் கடையில் வைத்து விற்பது இன்னொரு வழி. சென்னை மாதிரி ஈரக்காற்று ஊரில் நெக் (கழுத்துப்பகுதி) நகர்ந்து ஆக்‌ஷன் (கம்பிக்கும் நெக்குக்கும் உள்ள இடைவெளி) ஏறிவிடும். அவ்வப்போது போய் சரிசெய்யாவிட்டால், எடுத்துப் பார்ப்பவர் நாலு நோட்டிலேயே கீழே வைத்துவிடுவார்.

என் ஓட்டு நேரடி விற்பனைக்குத்தான். சர்ச் இசைக்குழு, மெல்லிசைக் குழு என்று வாரம் தவறாமல் வாசிக்கிறவர்கள் பெயரைவிடக் கைக்கு எப்படி இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். 34 அங்குல ஸ்கேலா (கம்பி அதிரும் நீளம்) என்பது முதல் கேள்வி. 1951-ல் ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸ் வந்ததிலிருந்து பெரும்பாலான கைகள் அதற்கே பழகியிருக்கின்றன. அப்புறம் எடை, நெக்குக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராட் இன்னும் திரும்புகிறதா, ஜி கம்பியில் ஐந்தாவது ஃப்ரெட்டை (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டையை) ஒட்டி ஒலி சட்டென்று செத்துப்போகிறதா என்று வரிசையாகத் தட்டிப் பார்ப்பார்கள். குறை இருந்தால் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஃப்ரெட்டுகளைச் சமன்செய்து, புது கம்பி போட்டு, உள்ளே பேட்டரியில் ஓடும் மின்சுற்று உள்ள ஆக்டிவ் பேஸ் என்றால் 9 வோல்ட் பேட்டரியையும் மாற்றிவிட்டுக் காட்டுங்கள். ஃப்ரெட் முழுவதையும் மாற்றினால் அந்தச் செலவு திரும்பி வராது. கை உரசித் தேய்ந்த பாலிஷை புதுசாக்கவே வேண்டாம். எதையோ மறைக்கிறார் என்ற சந்தேகம்தான் வரும்.

இசைக்கருவிகள் விற்கும் ரிவெர்ப் மாதிரி இணையத்தளத்தில் வெளிநாட்டுக்கு விற்கலாமே என்றால், நியூயார்க் புரூக்ளினின் ஃபொடெரா போலப் பெயர் நிலைத்த பட்டறைக்கு அது சரி. ஊர் பட்டறை வேலைக்கு அனுப்பும் செலவே லாபத்தைத் தின்றுவிடும். இதில் மரப் பிரச்சினை வேறு: ரோஸ்வுட் வகை எல்லாவற்றுக்கும் 2017-ல் வந்த சைட்டிஸ் (அழிந்துவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய உலக ஒப்பந்தம்) கட்டுப்பாடு 2019 இறுதியில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்குத் தளர்ந்தது. ஆனால் பிரேசிலிய ரோஸ்வுட்டுக்கு இன்றும் அனுமதிச் சீட்டு வேண்டும்.

கடைசி வழி, கழற்றி விற்பது. பார்ட்டோலினி பிக்கப் (கம்பியின் ஒலியைப் பிடிப்பது), ஹிப்ஷாட் பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்குவது) போன்ற பெயர்பெற்ற பாகங்கள் இருந்தால், தனித்தனியாக விற்று வருவது முழு பேஸின் விலையைத் தாண்டலாம். கணக்குக்குச் சரிதான், மனசுக்கு ஒப்பாது. நெக் திருகிக்கொண்டு சரிசெய்ய முடியாமல் போயிருந்தால் மட்டும் ஸ்க்ரூடிரைவரை எடுங்கள். அதற்கு முன் செய்தவருக்கே ஒரு போன் போடுங்கள்; தன் பழைய வேலையைத் தானே திரும்ப வாங்கிக்கொள்கிறவர்களும் உண்டு.